மலிவு மெக்கானிக்கல் கீபோர்டு: சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்படி அடக்குவது?

இப்போது நூறு வெள்ளிக்குள்ளேயே மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் வில் வைத்த தனி சுவிட்ச் உள்ள கீபோர்டு, கிடைக்கிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் படிக்கிற பிள்ளைகள், வீட்டில் இருந்தபடி கணக்கு எழுதுகிறவர்கள், கேம் விளையாடுகிறவர்கள் என்று பலரும் ஷாப்பியிலோ லாஸாடாவிலோ ஒன்று வாங்கிவிடுகிறார்கள். தட்டுவதற்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் இரவிலேயே பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, ராத்திரியில ஆணி அடிக்கிறியா?" என்று கேட்டுவிடுவார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பலகை வீட்டில் அடுத்த வீட்டு இருமல்கூடக் கேட்கும். பழைய லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சிலவற்றில் தடுப்பு கூரைவரை போவதே இல்லை, மேலே திறந்து கிடக்கும். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டுக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். அவர்கள் தூக்கம் கெடாமல் நாம் வேலை செய்ய வேண்டும். அதற்காக ஆசைப்பட்டு வாங்கிய கீபோர்டைப் பெட்டியில் போட்டு மூடிவைக்கத் தேவையில்லை.

சத்தம் என்றதும் பெரும்பாலோர் இணையத்தில் பார்த்த எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கிறார்கள்: ஓ-ரிங் (விசை மூடிக்கு அடியில் மாட்டும் ரப்பர் வளையம்), ஃபோம், எண்ணெய், பாய். முக்கால்வாசிக் காசு வீணாகிறது. ஒரே கீபோர்டில் நாலைந்து இடங்களிலிருந்து வேறு வேறு ஓசை பிறக்கிறது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைத் தொடாது. எது தொல்லை என்று முதலில் பிடித்துவிட்டால் பல நேரம் செலவே இல்லாமல் முடிந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

மழை இல்லாத இரவாகப் பாருங்கள். ஜிங்க் கூரையில் மழை கொட்டும்போது எந்தக் கீபோர்டும் சத்தமே போடாததாகத் தோன்றும். மின்விசிறியையும் நிறுத்துங்கள். வீட்டில் ஒருவரை அடுத்த அறையில், சுவரை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கீபோர்டை மேசையில் வைத்து வழக்கமான வேகத்தில் ஒரு பத்தி தட்டுங்கள். அப்புறம் அதையே மடியில் வைத்துத் தட்டுங்கள்.

மடிக்கு வந்ததும் அடுத்த அறையில் நன்றாகக் குறைந்தால் குற்றவாளி மேசை. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாமல் கூர்மையாகக் கேட்டால் சுவிட்ச். இதன் பிறகு ஒவ்வொரு விசையாக மெதுவாக அழுத்தி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். அழுத்தும் பாதியில் வரும் ஓசை, அடியில் போய் இடிக்கும் ஓசை, விரலை எடுத்ததும் மேலே வந்து இடிக்கும் ஓசை, கடைசியில் மிஞ்சும் ரீங்காரம் என்று நான்கையும் பிரித்துக் கேட்க முடியும். உட்கார்ந்து தட்டுகிறவருக்குக் கேட்பதும் சுவருக்கு அப்பால் கேட்பதும் ஒன்றல்ல. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

அறிகுறி: ஒவ்வோர் எழுத்துக்கும் 'டிக்' என்று கூர்மையாகக் கேட்கிறது

விசையை மிக மெதுவாகப் பாதிவரை மட்டும் அழுத்துங்கள். அடியைத் தொடும் முன்பே 'டிக்' வந்தால் உங்களிடம் இருப்பது கிளிக்கி வகை. கீகேப்பை (விசையின் மேல்மூடியை)க் கழற்றிப் பார்த்தால் நடுத்தண்டு அநேகமாக நீலமாக இருக்கும்.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சைத்தான் இன்றைய மலிவு சுவிட்சுகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அதன் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேடரான், கைல், அவுட்டெமு என்று சீனத் தயாரிப்புகள் பெருகி விலை இறங்கியது. நிற வழக்கமும் அங்கிருந்தே வந்தது: சிவப்பு நேராக இறங்கும் லினியர், பழுப்பு நடுவில் சின்னத் தடங்கல் தரும் டாக்டைல், நீலம் ஒலி எழுப்பும் கிளிக்கி. நீலத்தில் தண்டைச் சுற்றி ஒரு சிறு பிளாஸ்டிக் உறை தனியாக நகரும். தண்டு பாதி இறங்கியதும் அந்த உறை சட்டென்று கீழே பாய்ந்து இடிக்கிறது. ஒலி வரவேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆகவே நீலச் சுவிட்சுக்கு ஓ-ரிங் மாட்டியும் பயனில்லை, ஃபோம் வைத்தும் பயனில்லை. ஓ-ரிங் அடியில் இடிப்பதை மட்டும் மென்மையாக்கும். 'டிக்' அதற்கு முன்பே வந்துவிடுகிறதே! எண்ணெய் தடவினால் சுவிட்ச் மந்தமாகும், ஒலி போகாது. இதற்கு ஒரே வழி சுவிட்சை மாற்றுவது.

மாற்ற முடியுமா என்பது கீபோர்டின் சர்க்யூட் பலகையைப் பொறுத்தது. சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் வகை என்றால் கூடவே கொடுத்திருக்கும் இடுக்கியால் சுவிட்சின் மேலும் கீழும் உள்ள கொக்கிகளை அமுக்கி நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். ஈயம் உருக்கி ஒட்டிய, அதாவது சால்டர் செய்த பலகை என்றால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு இணைப்பை உருக்கி எடுக்க வேண்டும். முழுப் பலகைக்கும் அந்த வேலையைக் கடையில் கொடுத்துச் செய்தால் கூலி கீபோர்டு விலையைத் தாண்டிவிடும். அதற்குப் பதில் அதைப் பகலில் மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள். நீலத்தை விரும்பித் தேடுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

மாற்றுவதாக இருந்தால் 'சைலன்ட்' என்று போட்டு விற்கும் சுவிட்சை வாங்குங்கள். தண்டில் சிறு ரப்பர் மெத்தை இருக்கும். அடியில் இடிப்பதையும் மேலே திரும்பி இடிப்பதையும் அதுவே தாங்கிக்கொள்ளும். சாதாரணச் சிவப்புக்கும் இதற்கும் இரவில் பெரிய வித்தியாசம் தெரியும். விரலுக்கு அடி கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சிலருக்கு அது பிடிக்காது. முதலில் ஐந்தாறு மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால்

அப்படியானால் பாதிப் பிரச்சினையை இங்கேயே தவிர்த்துவிடலாம். விற்பனைப் பக்கத்தில் மூன்றைத் தேடுங்கள்: ஹாட்-ஸ்வாப் என்ற சொல், சுவிட்சின் வகை, உள்ளே ஃபோம் இருக்கிறதா என்பது. வண்ண விளக்கு எத்தனை விதமாக மின்னுகிறது என்பதைப் பார்த்து வாங்காதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்புவதும் போதாது. சிவப்பு, பழுப்பு, நீலம் மூன்றும் ஓரளவு பொதுவானவை. மற்ற நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கேடரானின் மஞ்சள் லினியர். கைல் பாக்ஸ் வரிசையின் வெள்ளை கிளிக்கி. ஆகவே லினியர், டாக்டைல், கிளிக்கி என்ற வகைப் பெயரைப் படித்துத் தெரிந்துகொண்டு ஆர்டர் போடுங்கள். விளங்காவிட்டால் விற்பவருக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள்.

ஹாட்-ஸ்வாப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. மிக மலிவான சில பலகைகளின் துளைகள் குறுகலாக இருக்கும். கால் மெல்லிய அவுட்டெமு சுவிட்சுகள் மட்டுமே அவற்றில் நுழையும், மற்றவற்றைத் திணித்தால் துளை கெட்டுவிடும். மூன்று கால் பலகைக்கு ஐந்து கால் சுவிட்ச் வந்துவிட்டால் கவலை வேண்டாம். கூடுதலாக உள்ள இரண்டும் வெறும் பிளாஸ்டிக் கால்கள், நகவெட்டியால் வெட்டிவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்பப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. உள்ளூர்க் கிடங்கிலிருந்து அனுப்புகிறவர் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாலும் கணக்குப் பார்த்தால் சரியாக வந்துவிடும். பழுதானால் திருப்பி அனுப்புவதும் சுலபம். வாங்கும் முன் சத்தத்தைக் கேட்க வீடியோ பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒலிவாங்கியை எங்கே வைத்தார்கள், அடியில் என்ன விரித்தார்கள் என்பதெல்லாம் தெரியாது. முடிந்தால் ஈப்போவில் ஒரு கணினிக் கடைக்குப் போய் விரலால் தட்டிப் பாருங்கள். அரை நாள் செலவானாலும் பரவாயில்லை.

அறிகுறி: தட்டுகிறவருக்கு அவ்வளவு கேட்கவில்லை, அடுத்த அறையில் 'டொம் டொம்' என்கிறது

மடியில் வைத்ததும் குறைந்தது என்றால் இதுதான். நம் வீடுகளில் மிக அதிகமாக நான் பார்ப்பதும் இதையே. விரல் விழும் ஒவ்வொரு முறையும் அதிர்வு கீபோர்டிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து சுவருக்கோ பலகைத் தரைக்கோ இறங்குகிறது. மெல்லிய ஒட்டுப்பலகை மேசை மிருதங்கத் தோல் போல அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுக்கும். சுவிட்ச் எவ்வளவு அமைதியானதாக இருந்தாலும் இது நிற்காது.

செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். மேசையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பலகைச் சுவரில் சாய்ந்து நிற்கும் மேசை அந்தச் சுவரையே ஒலிபெருக்கியாக்கிவிடும். கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். அந்தச் சின்னக் கால்களில் பலவற்றுக்கு ரப்பர் கிடையாது, அவற்றின் மேல் நின்றால் கீபோர்டு மேசையில் குதிக்கும்.

அப்புறம் அடியில் ஏதாவது விரிக்க வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள அகலமான ரப்பர் மவுஸ் பாய் நன்றாக வேலை செய்யும். பழைய யோகா பாயை வெட்டிப் போட்டாலும் போதும். குளியல் துண்டை இரண்டாக மடித்து விரித்து இன்றிரவே பலன் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், பிடித்தால் பிறகு பாய் வாங்குங்கள். துண்டையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம், நூல் தூசி உள்ளே போகும். தரையும் பலகை என்றால் மேசைக் கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். ஹார்ட்வேர் கடையில் நாற்காலிக் கால் ரப்பர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

விரலையும் கொஞ்சம் பழக்க வேண்டும். செர்ரி சிவப்பு போன்ற சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் எழுத்து 2 மில்லிமீட்டரிலேயே பதிந்துவிடும். பழைய ரப்பர் மெத்தைக் கீபோர்டில் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும் என்பதால் நமக்கு ஓங்கித் தட்டும் பழக்கம் வந்துவிட்டது. முழுவதும் மாறாது. இரவில் மெதுவாகத் தட்டினாலே சுவருக்கு அப்பால் வித்தியாசம் தெரியும். லினியர், டாக்டைல் வகைக்கு ஓ-ரிங் உதவுவது இங்கேதான்.

அறிகுறி: ஸ்பேஸ், ஷிஃப்ட், எண்டர், பேக்ஸ்பேஸ் மட்டும் 'கடகட' என்கின்றன

நீளமான விசைகளின் இரு ஓரமும் ஒன்றாக இறங்க வேண்டும் என்பதற்காக அடியில் ஒரு கம்பி வைத்திருப்பார்கள். ஸ்டெபிலைசர் என்று பெயர். மலிவுக் கீபோர்டில் அந்தக் கம்பியின் நுனி பிளாஸ்டிக் கூட்டுக்குள் தளர்வாக ஆடும். அந்த ஆட்டம்தான் கடகட.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகக் கேட்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின், ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுதும் ஒலிப்பு முறையில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிஃப்ட்டைப் பிடிக்க வேண்டும். 'பள்ளி' என்று எழுத ஐந்து தட்டு, அதோடு ஷிஃப்ட். தமிழ்99 முறையில் ப, ள, ள, இ என்று நாலே தட்டு. நடுவில் புள்ளி தானாக விழும், ஷிஃப்ட் தேவையில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. சத்தத்துக்காகவே தட்டும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், கை பழகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆனால் நிறையத் தமிழ் எழுதுகிறவர்கள் அதைக் கற்றுக்கொண்டால் கைக்கும் நல்லது, இரவின் அமைதிக்கும் நல்லது.

சரி, கம்பிக்கு வருவோம். மோட்டார் உதிரிபாகக் கடையில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று ஒரு சிறு டியூப் கிடைக்கும், பிளக் இணைப்புகளுக்குப் போடுவது. சிலிக்கான் கிரீஸ்தான். வாசலின், சமையல் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் போடாதீர்கள். ஸ்பிரே சீக்கிரம் காய்ந்துவிடும், இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். சில எண்ணெய்கள் நாளடைவில் பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும்.

கேபிளைப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கம்பி இடுக்கியால் கீகேப்பை இரு பக்கமும் சமமாகப் பிடித்து நேராக இழுங்கள். ஸ்பேஸ் பாரை ஒரு நுனியில் மட்டும் தூக்கினால் தண்டு உடையலாம். உள்ளே கம்பி பிளாஸ்டிக் கூட்டுக்குள் நுழையும் இடம் தெரியும். பல்குத்தி நுனியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ கொஞ்சம் கிரீஸ் எடுத்து அந்த நுழைவாயிலில் இரு பக்கமும் வையுங்கள். தண்டை மேலும் கீழும் பலமுறை அசைத்தால் உள்ளே பரவிவிடும். நடுவில் உள்ள சுவிட்சில் கிரீஸ் படவே கூடாது.

கீகேப்பை மாட்டித் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இன்னும் ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது. ஸ்டெபிலைசரைக் கழற்ற முடிந்தால் கம்பியைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். எந்த முனை தூக்கி நிற்கிறதோ அதை இடுக்கியால் மெல்ல நேராக்குங்கள். விசை மந்தமாக எழும்பினால் கிரீஸ் அதிகம், பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுங்கள். ஸ்பேஸ் பாரின் அடிக்குழியில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டினால் அதன் வெற்றொலியும் அடங்கும், தண்டுகளில் இடிக்காமல் ஒட்டினால் போதும்.

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் செய்யச் சொல்வேன். மலிவுக் கீபோர்டு விலை உயர்ந்ததைப் போல ஒலிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அறிகுறி: விரலை எடுத்த பிறகும் மெல்லிய ரீங்காரம் மிஞ்சுகிறது

சுவிட்சுக்குள் இருக்கும் சுருள்வில் காய்ந்திருக்கிறது. அடுத்த அறைக்கு இது போகாது, உங்கள் காதுக்குத்தான் தொல்லை. ஹாட்-ஸ்வாப் என்றால் சுவிட்சுகளைக் கழற்றித் திறந்து, வில்களை ஒரு ஜிப் பையில் போட்டு, கீபோர்டுக்கென்று விற்கும் எண்ணெயில் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும். லினியர் வகை என்றால் தண்டின் பக்கங்களிலும் அதற்கான கிரீஸை மெல்லிய தூரிகையால் பூசலாம். டாக்டைல் சுவிட்சின் தண்டுக் கால்களில் பூசினால் அந்தத் தடங்கல் மழுங்கிவிடும். பொறுமை வேண்டிய வேலை, பள்ளி விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள்.

அறிகுறி: எந்த விசையைத் தட்டினாலும் உள்ளே வெறுமையாக ஒலிக்கிறது

சர்க்யூட் பலகைக்கும் பிளாஸ்டிக் ஓட்டுக்கும் நடுவில் காற்று மட்டும் இருக்கிறது. பார்சலைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை வெட்டி அந்த இடத்தில் விரித்தாலே நல்ல மாற்றம் தெரியும். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றை அது குடித்துவைத்துக்கொள்ளும், பலகை கெட்டுப்போகும்.

திருகுகள் கீகேப்புகளின் நடுவிலோ அடி ரப்பருக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். எல்லாம் கழன்ற பிறகும் ஓடு பிரியாவிட்டால் பழைய வங்கி அட்டையை இடுக்கில் நுழைத்து மெதுவாக நெம்புங்கள். கம்பியில்லா வகையில் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும். முதலில் அதன் இணைப்பைக் கழற்றுங்கள், ஃபோம் அதை அழுத்தாதபடி இடம் விடுங்கள். சர்க்யூட் பலகையின் பின்புறம் காகித மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுகிறவர்களும் உண்டு. ஓசை தாழ்ந்து கனமாகும். அலுமினிய டேப் மட்டும் கூடவே கூடாது, ஷார்ட் ஆகிவிடும். திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அறிகுறி: வேலை முடிந்த பிறகு ஓர் எழுத்து விழவில்லை, அல்லது இரண்டு முறை விழுகிறது

விழவே இல்லை என்றால் சுவிட்சின் கால் வளைந்து மடங்கியிருக்கும். கழற்றி, கால்களை இடுக்கியால் நேராக்கி, செங்குத்தாகப் பிடித்து மீண்டும் அழுத்துங்கள். அழுத்தும்போது பலகைக்கு அடியில் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் உள்ள சாக்கெட்டே பெயர்ந்துவிடும்.

இரட்டித்து விழுந்தால் உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனையில் அழுக்கோ ஈரமோ ஏறியிருக்கிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு விசையைப் பலமுறை அழுத்துங்கள். நன்றாகக் காய விடுங்கள். சில கீபோர்டுகளின் மென்பொருளில் டிபவுன்ஸ் என்று, ஒரே தட்டை இரண்டாக எண்ணாமல் சற்றுக் காத்திருக்க வைக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதைச் சில மில்லி விநாடி கூட்டினாலும் இரட்டிப்பு நிற்கும். அப்படியும் தொடர்ந்தால் அந்தச் சுவிட்ச் முடிந்தது. மாற்றுச் சுவிட்ச் வரும்வரை யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையின் சுவிட்சைக் கழற்றி அங்கே போட்டுக்கொள்ளுங்கள். சால்டர் செய்த பலகையாக இருந்தாலும் ஒரே ஒரு சுவிட்ச் என்றால் இரண்டே இணைப்புதான், ரேடியோ டிவி பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தால் செய்து தந்துவிடுவார்.